வீடு விற்க முன் "ரெடி பண்ணித் தாறம்" என்று வருபவர்கள்: கவனம்

திருகோணமலை உவர்மலையில் அப்பா 1986இல் கட்டிய வீட்டை விற்பதென்று தங்கையும் நானும் முடிவெடுத்தோம். கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் வந்து பார்த்து, விலையும் பேசி முடித்தார்கள். "நொத்தாரிசிட்டப் போக முன்னம் எங்கட எஞ்சினியர் ஒருக்கா வந்து பார்ப்பார் அக்கா" என்றார்கள். நியாயம்தானே. இரண்டு கிழமை தவணை.

அந்த இரண்டு கிழமைக்குள்தான் நான் மாட்டினேன்.

தெரிந்தவர் மூலம் ஒரு கொந்தராத்துக்காரர் வந்தார். வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதீங்கோ அக்கா. எஞ்சினியர் வரேக்க புது வீடு மாதிரி இருக்கும்" என்றார். அந்த 'மாதிரி'யை அப்போது நான் கவனிக்கவில்லை. மொத்தம் 3 லட்சத்து 80 ஆயிரம் ரூபா. பாதி முற்பணம், மீதி வேலை முடிந்ததும். என்னென்ன வேலை என்று ஒரு துண்டுக் கடதாசிகூட நான் கேட்டு வாங்கவில்லை. முப்பது வருசம் பிள்ளைகளுக்கு "எழுதிப் பழகு" என்று சொன்னவள் நான்!

கடற்கரைப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். காற்றில் வரும் உப்பு கொங்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைக் கறள் பிடிக்க வைக்கும். கறள் ஏற ஏறக் கம்பி ஊதும், வெளியே இருக்கும் கொங்கிரீட்டை வெடிக்கப் பண்ணும். எங்கள் போர்ட்டிகோ பீமில் அப்படி ஒரு முழ நீளத்துக்குக் கம்பி தெரிந்தது. உதிர்கிறதைக் கொத்தி எடுத்து, கம்பியைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கறள் போக்கி, கறள் தடுக்கும் பூச்சு அடித்து, அதன் பிறகுதான் சாந்து வைக்க வேண்டும். இதெல்லாம் பிறகு எஞ்சினியர் சொல்லித் தெரிந்தது. இவர்கள் செய்தது, கறளுக்கு மேலேயே சாந்து அப்பி, புட்டி இழுத்து, வெள்ளை அடித்தது. பின்னறைச் சுவரில் ஈரம் ஊறி உப்புப் பூத்திருந்த இடத்துக்கும் அதே வைத்தியம். ஒழுக்கு எங்கே என்று கூரையில் ஏறிப் பார்க்கவேயில்லை.

பார்க்க வடிவாகத்தான் இருந்தது. மீதிப் பணத்தையும் கொடுத்துவிட்டேன்.

எஞ்சினியர் வந்தது மாரி தொடங்கி நாலாம் நாள். கையில் ஒரு சின்னச் சுத்தியல். பீமைத் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங், பிறகு 'பொத்'. இன்னொரு தட்டுக்குப் பாளமாகக் கழன்று அவர் சப்பாத்தடியில் விழுந்தது. உள்ளே பழைய கறள், அப்படியே. பின்னறையில் பெயின்ட் கொப்புளித்து நின்றது. விரலால் அழுத்தினார், தண்ணீர் வழிந்தது.

அதைக்கூடத் தாங்கியிருப்பேன். மின்கசிவு ஏற்பட்டால் வீட்டுக் கரண்டைத் தானே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினார். சுவிட்ச் டக்கென்று விழுந்தது. குசினி மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. மழைக்கு அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று கொந்தராத்துக்காரரிடம் நான் சொன்னதற்கு, குசினி லைனையே ட்ரிப் சுவிட்ச்சுக்கு வெளியால் இழுத்து விட்டிருக்கிறார்கள். யாருக்காவது கரண்ட் அடித்திருந்தால்?

வாங்க வந்த அம்மா என்னைப் பார்த்து, "தெரிஞ்சுகொண்டே மறைச்சுப்போட்டீங்களே அக்கா" என்றார். பழைய வீடு என்று தெரிந்துதான் அவர்கள் விலை பேசினார்கள். கறளோடு காட்டியிருந்தால் ஒரு தொகையைக் குறைத்துக் கேட்டிருப்பார்கள், அவ்வளவுதான். பூசி மறைத்ததால் நான் கள்ளியாகிவிட்டேன். அன்றைக்கே விட்டுவிட்டுப் போனார்கள்.

கொந்தராத்துக்காரர் முதல் நாள் "வாறன் அக்கா" என்றார். இப்போது போன் எடுப்பதில்லை. பாவனையாளர் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் முதலில் பில் இருக்கிறதா என்று கேட்பார்கள். என்னிடம் இல்லை. மத்தியஸ்த சபைக்குப் போகலாம் என்று தம்பி முறையான ஒருவர் சொல்கிறார், பார்ப்போம்.

உங்களிடம் இப்படி யாராவது வந்தால், எந்த இடத்தில் என்ன வேலை என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பூச முன்னர் கம்பியைப் படம் எடுத்து வையுங்கள். மாரியில் ஈரச் சுவருக்குப் பெயின்ட் அடிக்க விடாதீர்கள். வயரிங் வேலை முடிந்ததும் நீங்களே டெஸ்ட் பொத்தானை அழுத்தி, வீட்டில் எல்லாம் நிற்கிறதா என்று பாருங்கள்.

குசினி லைனை வேறொரு தம்பி வந்து சரியாக்கிவிட்டார். அடுத்த கிழமை நிலாவெளியிலிருந்து ஒருவர் வீடு பார்க்க வருகிறார். பீமைக் கொத்தித் திறந்தே விட்டிருக்கிறேன்.