ஜி-புரதத்தை எங்கே அடைப்பது: வாசலிலா, நடுவிலா, கடைசியிலா?

புற்றுநோய்ச் செல்லுக்குள் ஓடும் ஜி-புரதச் சமிக்ஞையை நிறுத்த வேண்டும் என்று சொல்வது எளிது. எந்த இடத்தில் நிறுத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வெளியிலிருந்து வரும் தகவலைச் செல்லுக்குள் கடத்தும் ஜி-புரதம், செல் சவ்வின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். சும்மா இருக்கும்போது அதன் பிடியில் குவானோசின் டைபாஸ்பேட் என்ற, இரண்டு பாஸ்பேட் கொண்ட சிறு மூலக்கூறு இருக்கும். சவ்வில் நின்று வெளித் தகவலை வாங்கும் ஏற்பி அதைச் சொன்னதும், டைபாஸ்பேட்டை உதறிவிட்டு மூன்று பாஸ்பேட் கொண்ட ட்ரைபாஸ்பேட்டைப் பிடிக்கும். அப்போதுதான் சமிக்ஞை கிளம்பும். கொஞ்ச நேரத்தில் மூன்றாவது பாஸ்பேட்டைத் தானே வெட்டிவிட்டு அடங்கிவிடும்.

கண்ணின் நிறமிச் செல்களில் வரும் யுவியல் மெலனோமா என்ற புற்றுநோயில் கெடுவது இந்த வெட்டும் வேலைதான். நோயாளிகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோரின் கட்டியில் ஜி-புரதத்தை உருவாக்கும் ஜிஎன்ஏக்யூ அல்லது ஜிஎன்ஏ11 மரபணு பிறழ்ந்திருக்கிறது. பெரும்பாலும் புரதத்தின் 209-வது இடத்தில் இருக்கும் குளுட்டமின் என்ற அமினோ அமிலம் மாறிப்போகிறது. அந்த ஒரு மாற்றம் போதும், புரதம் அணையவே அணையாது.

முதல் வழி, வாசலை, அதாவது ஏற்பியை அடைப்பது. புராஸ்டேட் புற்றுநோயில் இது நன்றாகவே வேலை செய்கிறது. டெகரெலிக்ஸ், ரெலுகோலிக்ஸ் என்ற மருந்துகள் இரண்டும் பிட்யூட்டரி சுரப்பியில் உள்ள ஏற்பியை அடைத்து, கட்டியை வளர்க்கும் டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கின்றன. ஆனால் யுவியல் மெலனோமாவில் பழுது ஏற்பிக்குக் கீழே இருக்கிறது. வாசலைப் பூட்டிப் பயனில்லை.

சரி, கீழே போய் வெட்டலாமா? பிறழ்ந்த புரதத்தின் தகவல் பிகேசி என்ற நொதி வழியாக மெக் என்ற இன்னொரு நொதி வரை போகிறது. மெக்கைத் தடுக்கும் செலுமெடினிப் மருந்தைக் கீமோவுடன் சேர்த்துக் கொடுத்த மூன்றாம் கட்டச் சோதனையில், நோய் முற்றாமல் இருக்கும் காலம் குறிப்பிடும்படி நீளவில்லை. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. அதே புரதத்திலிருந்து யாப் என்ற இன்னொரு கிளையும் பிரிகிறது. ஒன்றை வெட்டினால் மற்றது ஓடிக்கொண்டே இருக்கும். பிகேசியைத் தடுக்கும் டாரோவாசெர்டிபை இப்போது கிரிசோட்டினிப் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்துடன் இணைத்துச் சோதிக்கிறார்கள். நான் இதை ஒதுக்கவில்லை, ஆனால் தனியாக நம்பவும் மாட்டேன்.

மூன்றாவது வழி, நடுவில் நிற்கும் ஜி-புரதத்தையே பிடிப்பது. என் மனம் இங்கேதான் நிற்கிறது.

ஆர்டிசியா கிரெனாட்டா என்ற சிவப்புப் பழச் செடியிலிருந்து எஃப்ஆர்900359 என்ற வேதிப்பொருள் கிடைத்தது. உண்மையில் அதைத் தயாரிப்பது அந்த இலைக்குள் குடியிருக்கும் பாக்டீரியா. இது டைபாஸ்பேட்டை வெளியே விடாமல் புரதத்தின் பிடியை இறுக்கிவிடுகிறது. அப்படியானால் ட்ரைபாஸ்பேட்டைப் பிடித்தபடி உறைந்துபோன பிறழ்ந்த புரதத்தை இது எப்படி அணைக்கும்? ஆய்வகத்தில் அணைத்தது. பிறழ்ந்த புரதமும் எப்போதாவது டைபாஸ்பேட் நிலைக்கு வருகிறது. வந்த நேரம் பார்த்து மருந்து பூட்டிவிடுகிறது. மெலனோமா செல்களின் பெருக்கமும் நின்றது.

ஆனால் இந்த மருந்துக்கு நல்ல புரதம் எது, பிறழ்ந்தது எது என்று தெரியாது. அதே புரதம் ரத்தக்குழாய்களிலும் ரத்தத் தட்டணுக்களிலும் வேலை செய்கிறது. உடல் முழுக்கப் பரவவிட்டால் ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரியும். அதனால்தான் இதே வகைத் தடுப்பானை, குறிப்பிட்ட செல்லைத் தேடி ஒட்டும் புரதமான ஓர் ஆன்டிபாடியில் கட்டி அனுப்பும் யோசனை வந்தது. நோவார்டிஸின் டிஒய்பி688, நிறமிச் செல்களில் இருக்கும் பிமெல்17 புரதத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு, சரக்கை அந்தச் செல்லுக்குள் இறக்குவதற்காக உருவாக்கப்பட்டது.

மூன்றில் யுவியல் மெலனோமாவுக்கு என் தேர்வு இந்த நடு வழிதான், அதுவும் ஆன்டிபாடியோடு சேர்ந்தால் மட்டும். இந்தப் புற்றுநோய் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பரவுகிறது, பெரும்பாலும் கல்லீரலுக்கு. 2022-ல் அனுமதி பெற்ற டெபென்டாஃபஸ்ப் மருந்து ஆயுளை நீட்டியது, அது பெரிய ஆறுதல். ஆனால் எச்எல்ஏ-ஏ*02:01 என்ற திசு வகை உள்ளவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். அந்த வகை இல்லாதவர்களின் கட்டியிலும் பெரும்பாலும் அதே 209-வது இடம்தான் மாறியிருக்கிறது.