கொழிஞ்சாம்பாறை மாலை வகுப்பு: அமெரிக்க அரசியல் தேர்வுக்கு நல்ல பயிற்சி

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில், ஓய்வுபெற்ற அரசியல் அறிவியல் பேராசிரியை ஒருவர் தம் வீட்டில் நடத்தும் மாலை வகுப்பில் என் தங்கை மகள் அமெரிக்க அரசும் அரசியலும் குறித்த ஏ.பி. தேர்வுக்கு (பள்ளி மாணவர்கள் கல்லூரித் தரத்தில் எழுதும் அமெரிக்கத் தேர்வு) படித்தாள். தமிழில் விளக்கி ஆங்கிலத்தில் விடை எழுதவைக்கும் இம்முறை எல்லைப்புறப் பிள்ளைகளுக்கு மிகவும் பொருந்துகிறது, தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

இவ்வகுப்பின் பெரும் பலம் ஒப்பீடு. மத்திய, மாநில, பொது அதிகாரப் பட்டியல்கள் எதிலும் இல்லாத எஞ்சிய அதிகாரங்கள் நம் நாட்டில் அரசமைப்பின் 248ஆம் பிரிவின்படி நாடாளுமன்றத்துக்குச் செல்ல, அமெரிக்காவில் அரசமைப்பின் 10ஆவது திருத்தம் எஞ்சிய அதிகாரங்களை மாநிலங்களுக்கோ மக்களுக்கோ விட்டுவிடுகிறது என்பதையும், 1819ஆம் ஆண்டின் மெக்கல்லக் வழக்கில் வெளிப்படையாகச் சொல்லப்படாத அதிகாரங்களும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு உண்டு என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் அவர் இணைத்து விளக்கியபோது, பின்னால் அமர்ந்திருந்த எனக்கே கூட்டாட்சி புதிதாகப் புரிந்தது. பாடத்திட்டப் பட்டியலில் உள்ள கட்டாய வழக்குகள் 14ஐயும் தீர்ப்பின் காரணத்தோடு படிக்கவைக்கிறார். அந்தப் பட்டியலுக்கு வெளியே உள்ள ஒரு வழக்கோடு ஒப்பிடும்படி தேர்வில் கேட்பார்கள் என்பதால் பெயரையும் ஆண்டையும் மனப்பாடம் செய்வது உதவாது.

வாதக் கட்டுரைகளை வரிக்கு வரி திருத்தித் தருகிறார். இத்தகைய உழைப்பை வேறெங்கும் நான் கண்டதில்லை.

குறை ஒன்று உண்டு. 80 நிமிடத்தில் 55 கொள்குறி வினாக்களை முடிக்க வேண்டிய இத்தேர்வு இப்போது கணினியில் நடக்கிறது; இங்கோ எல்லாப் பயிற்சியும் தாளில்தான். தேர்வு நடக்கும் புளூபுக் செயலியில் நேரம் வைத்துப் பழகுவதை வீட்டில் பெற்றோர்தான் கவனித்துக்கொள்ள வேண்டும்.