தெப்பக்குளமா, ரேஸ்கோர்ஸா, நம்ம தெருவா: வாரம் ஒருநாள் வாக்கிங் குரூப்புக்கு எது சரி?

மதுரையில எங்க ஏரியா அனுப்பானடி பக்கம். வாரத்துல ஒருநாளாவது எல்லாரும் சேந்து நடக்கலாம்னு பேச ஆரம்பிச்சு மூணு மாசம் ஆச்சு, இன்னும் இடமும் நேரமும் முடிவாகல. சரின்னு அம்மாவ கூட்டிக்கிட்டு மூணு இடத்துலயும் நானே நடந்து பாத்துட்டேன். அம்மாவுக்கு 63 வயசு, பன்னெண்டு வருசமா சுகர், கூடவே முட்டிவலி. அவங்களால முடியுற இடந்தான் குரூப்புக்கு ஏத்த இடம்ங்கிறது என் கணக்கு, ஏன்னா நல்லா நடக்குறவங்க குரூப் இல்லாட்டியும் நடந்துருவாங்க, வீட்ட விட்டு வெளியவே வராதவங்களுக்குத்தான் நாலு பேரு துணை வேணும்.

மொதல்ல ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியம். தரை சமமா இருக்கு, வண்டி கிடையாது, நாய் கிடையாது, கால் இடறாது, முட்டிக்கு அதான் நல்லது. ஆனா வைகைக்கு அங்கிட்டு போகணும், வண்டி இருக்குறவங்களுக்கு சரி, பஸ்ஸையும் ஷேர் ஆட்டோவையும் நம்பி இருக்குற அக்காமாருக்கு போக வரவே ஒன்றரை மணி நேரம் ஆகிப்போகும். இன்னொண்ணு, 400 மீட்டர் டிராக்குல சுத்திச்சுத்தி வர்றது அம்மாவுக்கு நாலாவது ரவுண்டுலயே சலிச்சுப்போச்சு, பக்கத்துல ஓடுற பசங்க வேகத்தப் பாத்து ஒதுங்கி ஒதுங்கி நடந்தாங்க. ரெண்டாவது வாரம் கூப்பிட்டா வரமாட்டாங்கன்னு அவங்க மொகத்துலயே தெரிஞ்சது.

அடுத்து எங்க தெரு. கதவத் திறந்தா வாக்கிங், செலவும் இல்ல, கூப்பிட்ட உடனே ஆள் வருவாங்க. ஆனா பிளாட்பாரம்னு ஒண்ணு கிடையாது, இருக்குற இடத்துல பைக்கு நிக்குது, அதனால ரோட்டுலதான் நடக்கணும், எட்டுப் பேரு போனா ஒருத்தர் பின்னாடி ஒருத்தர்தான் போக முடியும். பேசிக்கிட்டே நடக்க முடியலன்னா அப்புறம் குரூப்னு எதுக்கு? வேகம் சரியா இருக்கான்னு பாக்குறதுக்கும் பேச்சுதான் அளவு, நடக்கும்போது பேச முடியணும், பாட்டுப் பாடுற அளவுக்கு மூச்சு மிச்சம் இருக்கக்கூடாது, அதான் மிதமான வேகம். தெருவுல திடீர்னு ஹாரன் அடிச்சா அம்மா பதறி நிக்குறாங்க. வேகமெல்லாம் அப்புறம்.

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம்தான் எனக்குப் புடிச்சது, கொஞ்சம் விரிவாவே சொல்றேன். திருமலை நாயக்கர் 1645ல வெட்டுன குளம், ஒரு பக்கம் சுமார் 1,000 அடி, இன்னொரு பக்கம் 950 அடி, நாலு கரையையும் கூட்டுனா 3,900 அடி, அதாவது கிட்டத்தட்ட 1.2 கிலோமீட்டர். ஸ்டேடியத்துல மூணு ரவுண்டு அடிக்கிற தூரத்த இங்க ஒரே ரவுண்டுல நடந்துரலாம், ஒவ்வொரு கரையிலயும் பாக்குறதுக்கு வேற வேற காட்சி, நடுவுல மைய மண்டபம், தண்ணி இருந்தா காத்தும் சில்லுனு வரும். முக்கியமான விசயம் என்னன்னா, சுத்துப்பாதையா இருக்குறதால யாரும் தனியா பின்தங்கிப் போறதில்ல. வேகமா நடக்குறவங்க ரெண்டு ரவுண்டு போவாங்க, அம்மா மாதிரி ஆளுங்க ஒரு ரவுண்டு, முடியலன்னா சுவர் ஓரமா உக்காந்துக்கலாம், போனவங்க திரும்பி அதே வழியா வந்துதான ஆகணும். நேர் ரோட்டுல அப்படியா, பாதியில கால் வலிச்சா திரும்பி வர்றதுக்கும் அதே தூரம் நடக்கணும்.

அரசாங்கத்தோட ‘நடப்போம் நலம் பெறுவோம்’ பாதையிலயே சேந்துக்கலாமேன்னு ஒரு அண்ணன் கேட்டாரு. 2023 நவம்பர் 4ல தொடங்குனாங்க, 38 மாவட்டத்துலயும் 8 கிலோமீட்டர் பாதை, நல்ல திட்டம்தான், ஏற்கனவே நடந்து பழகுனவங்க தாராளமா போகலாம். புதுசா வர்றவங்கள மொத நாளே 8 கிலோமீட்டர்னு சொல்லிப் பயமுறுத்த வேணாம்னுதான் நான் தடுத்தேன்.

பத்தாயிரம் ஸ்டெப் கணக்கையும் அதே காரணத்துக்காகத்தான் வேணாம்னேன். அது 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி வித்த ஸ்டெப் எண்ணுற கருவியோட பேருல இருந்து வந்த நம்பர், டாக்டருங்க அளந்து பாத்து சொன்னது இல்ல. 2019ல அமெரிக்காவுல வயசான பெண்கள வெச்சு பண்ண ஆய்வுல, ஒரு நாளைக்கு 2,700 ஸ்டெப் நடந்தவங்கள விட 4,400 நடந்தவங்களுக்கு இறப்பு அபாயம் நல்லாவே குறைவா இருந்துச்சு, 7,500 தாண்டுனா அதுக்கு மேல பெரிய வித்தியாசம் தெரியல. தெப்பக்குளத்த ஒரு தடவை சுத்துனா அம்மாவுக்கு ஏறக்குறைய 1,800 ஸ்டெப். இதக் கேட்டதும் அவங்களுக்கு ஒரு தைரியம் வந்துச்சு பாருங்க.

இனி நேரம். ஞாயித்துக்கிழமை வெள்ளன ஆறு மணிதான் நல்லதுன்னு ஆம்பளைங்க எல்லாரும் சொன்னாங்க, வெயிலுக்கு அது சரிதான். ஆனா எங்க ஊருல ஞாயித்துக்கிழமை காலையில கறி எடுக்கணும், மசாலா அரைக்கணும், அந்த நேரத்துல எந்த வீட்டுப் பொம்பளை கெளம்பி வர முடியும்? காலையில வெறும் வயித்தோட சுகர் மாத்திரையப் போட்டுட்டு நடந்தா சிலருக்கு சுகர் இறங்கி மயக்கமும் வரும். சனிக்கிழமை சாயங்காலம்னா ஏழு மணிக்கு மேல தெப்பக்குளத்தச் சுத்தி தள்ளுவண்டிக் கடையும் கூட்டமும் நெறைஞ்சிரும், அதனால அஞ்சேகாலுக்குத் தொடங்கி ஆறு மணிக்குள்ள முடிச்சிரணும். கோடையில மட்டும் அரை மணி நேரம் தள்ளிக்கலாம்.

வாரத்துக்கு ஒருநாள் நடந்தா போதுமான்னா, போதாது. உலக சுகாதார நிறுவனம் சொல்றது வாரத்துக்கு கொறஞ்சது 150 நிமிசம். சனிக்கிழமை 45 நிமிசம் போக மிச்சம் 105, அஞ்சு நாளைக்குப் பிரிச்சா தெனம் 21 நிமிசம், அத சாப்பிட்ட பிறகு தெருவுலயோ மொட்டமாடியிலயோ நடந்துக்கலாம், சாப்பாட்டுக்கு அப்புறம் நடந்தா சுகர் ஏறுறதும் குறையும். தெரு அதுக்குத்தான் சரி. சேந்து நடக்குறதால என்ன லாபம்னு கேக்குறவங்களுக்கு, 2015ல 42 ஆய்வுகள், 1,843 பேர ஒண்ணா வெச்சு பாத்ததுல பிபியோட மேல் அளவு சராசரியா 3.7 புள்ளி குறைஞ்சிருந்துச்சு, பாதியில விட்டவங்களும் கம்மி.

அதனால வர்ற சனிக்கிழமை சாயங்காலம் அஞ்சேகாலு, தெப்பக்குளத்துப் பக்கத்துல இருக்குற மாரியம்மன் கோயில் வாசல். செருப்பு கண்டிப்பா வேணும், கோயிலுக்குப் போறோம்னு வெறுங்காலோட சுத்தாதீங்க, சுகர் இருந்தா கால்ல சின்னப் புண்ணு வந்தாலும் ஆற நாளாகும். நடக்கும்போது சுகர் இறங்குனா வாயில போட்டுக்க பையில நாலு மிட்டாய் இருக்கட்டும். தைப்பூசத் தெப்பத்திருவிழா வாரம் அங்க கால் வைக்க இடம் இருக்காது, அன்னைக்கு மட்டும் தெருவுல நடந்துக்குவோம். அம்மா பச்சைக் கலர் செருப்பு வாங்கி வெச்சிட்டாங்க, வர்ற அத்தைமாருங்க அவங்ககூட ஒரு ரவுண்டு போனா போதும்.