"மூனு மாசம் தனியா வெச்சதுண்ணே" என்று சொன்னவரை நம்பினேன்

செந்தூல், கெப்போங் பக்கம் யாராவது புதிதாகப் பாம்பு வாங்கப் போகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் 450 ரிங்கிட் கொடுத்து ஒரு பால் பைத்தான் (ball python) மலைப்பாம்புக் குட்டி வாங்கினேன். விற்றவரிடம் முதலில் கேட்டதே உண்ணியைப் பற்றித்தான். "மூனு மாசம் தனியா வெச்சதுண்ணே, சுத்தமா இருக்கு. இன்னைக்கே உங்க பாம்புப் பக்கத்துல வெச்சிடலாம்" என்றார். பெர்ஹிலித்தான் (மலேசிய வனவிலங்குத் துறை) அனுமதித் தாளைக் கேட்டதற்கு, "அப்புறம் அனுப்புறேன்". அங்கேயே நான் திரும்பி வந்திருக்க வேண்டும்.

ஆறு வருடமாக என்னிடம் இருக்கும் பெரியவளின் தொட்டிக்குப் பக்கத்தில் குட்டியை வைத்தேன். இரண்டுக்கும் ஒரே இடுக்கியில்தான் எலி கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் குட்டி தண்ணீர்க் கிண்ணத்துக்குள் சுருண்டு கிடந்தது. தூக்கிப் பார்த்தால், கிண்ணத்தின் அடியில் மிளகுத்தூள் தூவியது போலக் கருப்புப் புள்ளிகள். ஒன்றை டிஷ்யூவில் நசுக்கினேன், ரத்தம். கண்ணைச் சுற்றியும் தாடைக்கு அடியில் உள்ள மடிப்பிலும் இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தன. அடுத்த வாரம் பெரியவள் மேலும் ஏறிவிட்டன. குட்டிக்கு மூச்சில் விசில் சத்தம், வாயோரம் நுரை. மருத்துவர், ஊசி என்று பாம்பின் விலையைவிட அதிகம் செலவு.

விற்றவரோ, "உங்க பாம்புலேருந்துதான் வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். வாங்குவதற்கு முன் அவர் அனுப்பிய வீடியோவை மறுபடி போட்டுப் பார்த்தேன். அதிலும் குட்டி தண்ணீருக்குள்தான் கிடக்கிறது! பின்னால் இருபது பெட்டிகள், ஒன்றோடொன்று ஒட்டி. இதற்குப் பெயர்தான் தனியாக வைப்பதா?

அவர்கள் எத்தனை மாதம் வைத்திருந்தாலும் அது கணக்கில்லை. உங்கள் வீட்டுக்கு வந்த நாள்தான் முதல் நாள், குறைந்தது 90 நாள். வேறு அறையில், நன்றாகப் பூட்டும் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள். அடியில் மரத்தூள் வேண்டாம், வெள்ளை டிஷ்யூ போதும், உண்ணி இருந்தால் உடனே கண்ணில் படும். இடுக்கி, கிண்ணம் எல்லாம் தனி. பழைய பாம்பின் வேலையை முடித்துவிட்டுத்தான் புதியதைத் தொட வேண்டும். உண்ணி வந்துவிட்டால் பாம்பைக் குளிப்பாட்டினால் மட்டும் போகாது. அது முட்டையிடுவது பாம்பின் மேல் இல்லை, தொட்டியின் மூலையிலும் மரக்கட்டை இடுக்கிலும். நான் மரக்கட்டைகளை எல்லாம் தூக்கிப் போட்டேன்.

குட்டி இப்போது பின்னறையில் இருக்கிறது. டிஷ்யூ மாற்றும்போதெல்லாம் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். கடைசி உண்ணியைப் பார்த்து இன்றோடு பதினொரு நாள். அன்றிலிருந்துதான் 90 எண்ணுகிறேன்.