அணில் அடுப்பு வாங்கினோம், ஆனால் காசு போனது புகைபோக்கிக்கு

லண்டன் ஹாரோவில் நாங்கள் வாங்கிய வீடு 1930களில் கட்டியது. முன்னறையில் திறந்த கணப்பு ஒன்று இருந்தது. முதல் குளிர்காலம் முழுக்க அதில்தான் விறகு எரித்தோம், முன்னால் இருந்தால் முகம் சுடும், முதுகு விறைக்கும். ஏன் என்று பிறகுதான் விளங்கியது. திறந்த நெருப்பு அறையின் சூடான காற்றையே இழுத்துப் புகைபோக்கி வழியாக வெளியே தள்ளிவிடுகிறது, அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கு ஜன்னலிடுக்கு எல்லாவற்றாலும் குளிர்காற்று வருகிறது. விறகின் வெப்பத்தில் கால்பங்கு நமக்குக் கிடைத்தாலே அதிகம். கண்ணாடிக் கதவு போட்ட மூடிய அடுப்பில் முக்கால்பங்கு வரை கிடைக்கும்.

சரி, மாற்றுவோம் என்று போனால், முதல் கடைக்காரர் அறை எவ்வளவு பெரிது என்றுகூடக் கேட்காமல் 8 கிலோவாட் அடுப்பைக் காட்டினார். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்றார். நல்லதில்லை! நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி 14ஆல் வகுத்தால் எத்தனை கிலோவாட் வேண்டும் என்று ஏறத்தாழத் தெரிந்துவிடும். எங்கள் அறை 4.2 மீட்டர் நீளம், 4 அகலம், 2.5 உயரம், ஆக 42 கன மீட்டர், 3 கிலோவாட் போதும். அதில் 8 வைத்தால் வெக்கை தாங்காமல் காற்றை அடைத்து நெருப்பை அமுக்கி வைப்போம், அப்போது விறகு அரைகுறையாக எரிந்து கண்ணாடி கறுக்கும், புகைபோக்கிக்குள் தார் படியும், அந்தத் தார் ஒருநாள் தானே தீப்பிடிக்கவும் கூடும். 5 கிலோவாட்டைத் தாண்டினால் சுவரில் நிரந்தரமாக ஒரு காற்றுத் துளையும் போட வேண்டும்.

கடைசியில் வாங்கியது டென்மார்க்கின் மோர்சோ, இரண்டு பக்கமும் அணில் உருவம் வார்த்த சின்ன வார்ப்பிரும்பு அடுப்பு. எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நெருப்பு அணைந்த பிறகும் இரும்பு நெடுநேரம் சூடு விடுகிறது, பிள்ளைகள் அந்த அணிலுக்காகவே அறைக்கு வருகிறார்கள்.

ஆனால் அடுப்பை விடப் பெரிய விஷயம் புகைபோக்கி. அடுப்பைப் பொருத்த முதலில் வந்த ஆள் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் லைனர், அதாவது புகைபோக்கிக்குள் இறக்கும் குழாய், தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். மனம் கேட்காமல், விறகு அடுப்பு பொருத்துபவர்களைப் பதிவுசெய்யும் ஹெட்டாஸ் அமைப்பில் பதிவுள்ள இன்னொருவரைக் கூப்பிட்டேன். அவர் புகை விட்டுச் சோதித்தபோது மேல்மாடிப் படுக்கையறைச் சுவரில் புகை கசிந்தது. பிள்ளைகள் தூங்கும் அறை அது. முதல் ஆளை நம்பியிருந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு அங்கேதான் போயிருக்கும், நினைத்தால் இப்போதும் பதறுகிறது. உடனே துருப்பிடிக்காத எஃகு லைனரை மேலிருந்து கீழ்வரை இறக்கச் சொன்னேன். கார்பன் மோனாக்சைடு அலாரமும் சட்டப்படி கட்டாயம். எல்லாம் சேர்த்து 3,200 பவுண்டு, அதில் பாதிக்கு மேல் லைனருக்கும் கூலிக்கும்தான்.

லண்டனின் பெரும்பகுதி புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி. 1952 டிசம்பரில் நகரத்தை மூடிய புகைமூட்டத்துக்குப் பிறகு 1956இல் வந்த சட்டத்திலிருந்து தொடர்வது இது. இங்கே விறகு எரிக்க, அரசின் சுற்றுச்சூழல் துறையான டெஃப்ராவின் விலக்குப் பெற்ற அடுப்புதான் வேண்டும், புகை கக்கினால் கவுன்சில் அபராதம் போடும்.

அப்புறம் விறகு. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். எங்களுக்கு ஒருவர் காய்ந்தது என்று சொல்லி இறக்கிய மூட்டைகளில் இரண்டு கட்டைகளை எடுத்து அம்மா ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தா. மந்தமாகச் சத்தம் வந்தது. "இது பச்சை, எரியாது, புகையத்தான் செய்யும்" என்றா. யாழ்ப்பாணத்தில் கொக்கரையும் பனைமட்டையும் வைத்துச் சமைத்த கை அது. பிறகு ஈரமானி வாங்கி, கட்டையைப் பிளந்து உட்பக்கத்தில் குத்திப் பார்த்தேன், 31 காட்டியது. அவ்வளவையும் கராஜுக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டோம், அடுத்த வருடம் எரிக்கலாம்.

இன்னொன்று. எவ்வளவு நல்ல அடுப்பு என்றாலும் நுண்துகள் வரும். அக்காவின் மகனுக்கு இழுப்பு (ஆஸ்துமா) இருக்கிறது, அவன் வரும் நாட்களில் நாங்கள் அடுப்பு மூட்டுவதில்லை. வீட்டிலேயே அப்படி ஒருவர் இருந்தால் இதை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.