பயோஃபயர் பிசிஐடி2: ராத்திரி ஷிஃப்ட் லேபிலிருந்து ஒரு மதிப்புரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ரத்தத்தில் வளர்ந்த கிருமி எது என்று அதன் மரபணுவை வைத்துச் சீக்கிரம் சொல்லும் பயோஃபயர் பிசிஐடி2 பேனல் அருமையான சாமான். ஆனால் அது தரும் முடிவைக் கேட்டவுடன் மருந்தை மாற்ற ஆள் இல்லாத இடத்தில் காசுக்குத்தான் கேடு. சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் லேபில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறவள் நான்.

ரத்தத்தில் கிருமி இருக்கலாம் என்று வார்டிலிருந்து வரும் பாட்டிலை 5 நாள் வரை இன்குபேட்டரில் வைப்போம். கிருமி வளர்ந்தால் மெஷின் அலாரம் அடிக்கும். உடனே கிராம் ஸ்டெயின் (கிருமிக்குச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) போட்டால் ஊதா உருண்டையா, சிவப்புக் குச்சியா என்பது தெரியும். பழைய வழியில் கிருமியின் பெயர் தெரியத் தட்டில் வளர்த்து மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று தெரிய அதற்கு மேலும் ஒரு நாள் ஆகும். அதுவரை டாக்டர் அனுமானத்தில்தான் மருந்து கொடுப்பார்.

இந்தப் பேனலுக்கு, பாசிட்டிவ் ஆன பாட்டிலிலிருந்து 200 மைக்ரோலிட்டர் எடுத்தால் போதும். நீலக் குப்பியில் நீர், சிவப்புக் குப்பியில் சாம்பிள். சோதனை நடக்கும் பவுச் என்ற பைக்குள் வெற்றிடம் இருப்பதால் குப்பியைக் குத்தியதும் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். கைவேலை சில நிமிடம்தான். சுமார் ஒரு மணி நேரத்தில் 33 கிருமிகளில் எது, மருந்துக்குக் கட்டுப்படாமல் செய்யும் 10 எதிர்ப்பு மரபணுக்களில் எது என்று திரையில் வந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது சிடிஎக்ஸ்-எம் மரபணுவைக் காட்டுவது. ஈ.கோலை என்ற கிருமியில் அது இருந்தால் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக்கை நம்ப முடியாது. அப்படிப்பட்ட கிருமி ரத்தத்தில் இருந்தவர்களிடம் வேறு இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளை ஒப்பிட்டு, சிங்கப்பூர் மருத்துவமனைகளும் சேர்ந்து நடத்திய மெரினோ ஆய்வு 2018-இல் வெளிவந்தது. 30 நாளுக்குள் இறந்தவர்கள் பிப்பரசிலின்-டாசோபாக்டம் பெற்றவர்களில் 12.3%, மெரோபெனம் பெற்றவர்களில் 3.7%. அதனால்தான் சிடிஎக்ஸ்-எம் என்ற வரி திரையில் வந்ததும் வேறு வேலையை அப்படியே வைத்துவிட்டுப் போனை எடுப்பேன்.

ஒருமுறை வார்டில் எடுத்த தமிழ் நர்ஸ், "டாக்டர் வேறொரு பேஷண்ட்கிட்ட இருக்காரு அக்கா, எழுதி வச்சிரட்டுமா?" என்றார். "வேணாம்மா, அவரையே லைனுக்குக் கூப்பிடுங்க, நான் காத்திருக்கேன்" என்றேன். அவர் வந்தார், மருந்து அப்போதே மாறியது. எழுதி வைத்திருந்தால் காலை ரவுண்ட்ஸ் வரை அந்தத் தாள் அங்கேயே கிடந்திருக்கும்.

இது என் பிடிவாதம் மட்டும் இல்லை. இதன் முந்தைய பேனலை வைத்து மேயோ கிளினிக் நடத்திய ஆய்வு 2015-இல் வந்தது. தேவையற்ற மருந்தைக் குறைக்கப் பழைய முறையில் 34 மணி நேரம் ஆனது. பேனலும் குறிப்பும் மட்டும் கொடுத்தபோது 38. ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டைக் கவனிக்கும் குழு கூடவே ஆலோசனை சொன்னபோது 21. இறப்பு விகிதத்தில் மட்டும் வித்தியாசம் தெரியவில்லை, அதையும் மறைக்கக் கூடாது.

குறைகளும் உண்டு. நம் ஊர் மண்ணில் இருக்கும், மெலியாய்டோசிஸ் வரவைக்கும் பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை இந்தப் பட்டியலிலேயே இல்லை. கன மழைக்குப் பின் வரும் காய்ச்சல்களில் இது நெருடுகிறது. கிராம் ஸ்டெயினில் சிவப்புக் குச்சி, பேனலில் ஒன்றுமில்லை என்றால் நான் அதை நெகட்டிவ் என்று எடுத்துக்கொள்வதே இல்லை. 2015-இல் இங்கே பச்சை மீன் சாப்பிட்டவர்களைப் படுக்கவைத்த குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியைப் பேனல் கண்டுபிடிக்கும், ஆனால் அதே வகைதானா என்று சொல்லாது. பாட்டிலில் உள்ள வளர்ப்புத் திரவத்தில் எஞ்சிய செத்த கிருமியின் டிஎன்ஏ-வைக்கூடச் சில நேரம் பாசிட்டிவ் என்று காட்டிவிடும். எதிர்ப்பு மரபணு இல்லை என்பதால் மருந்து வேலை செய்யும் என்றும் ஆகாது. ஆகவே தட்டில் வளர்ப்பதை நிறுத்தவே முடியாது.

வாங்க நினைக்கும் லேப்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். பவுச்சை ஓட்டும் மெஷின் பெட்டியான மாட்யூல் ஒன்றில் ஒரு நேரத்தில் ஒரு பவுச்தான் ஓடும். ராத்திரி இரண்டு பாட்டில் சேர்ந்து அலாரம் அடித்தால் ஒருவர் காத்திருக்க வேண்டியதுதான். மாட்யூல்களை அடுக்கி வைக்கும் டார்ச் என்ற மெஷினில் 12 மாட்யூல் வரை வைக்கலாம். இரண்டாவது மாட்யூல் வைக்க இடம் விட்டே மேசையை ஒதுக்குங்கள்.