உப்புக்காற்றில் ஆறு மாரி: என் ஹரிகேன், ஸீரோ, ஹேர்மிஸ்

என் அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் மூன்று மொடல்கள் நிற்கின்றன. 1/72 அளவில் எயார்ஃபிக்ஸ் நிறுவனத்தின் ஹரிகேன் என்ற பிரித்தானியப் போர்விமானம், அதே நிறுவனத்தின் ஸீரோ என்ற ஜப்பானியப் போர்விமானம், 1/700 அளவில் அயோஷிமா நிறுவனத்தின் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல். மூன்றையும் 2018இல் கட்டி முடித்தேன். பெட்டியைப் பிரித்த சூட்டோடு எழுதும் விமர்சனங்கள் நிறைய வருகின்றன. திருகோணமலை மாதிரிக் கடலோர ஊரில் ஆறு மாரி கண்ட பிறகு எது தாங்கியது, எது தாங்கவில்லை என்று யாரும் எழுதி நான் வாசித்ததில்லை.

இந்த மூன்றும் ஏன் என்றால், அம்மப்பாவால்தான். 1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கியபோது அவருக்கு எட்டு வயது. எண்ணெய்க் குதம் எரிந்த புகையையும், அன்றிரவு வள்ளத்தில் மூதூருக்குப் போனதையும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அன்று சீனன்குடாவிலிருந்து எழும்பியவை 261ஆம் படைப்பிரிவின் ஹரிகேன்கள். முதல்நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறிய ஹேர்மிஸ், மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. 307 பேர் இறந்தார்கள். அவர் வாயால் கேட்டவற்றைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியில் வரும் பாகத் தொகுப்புகளான கிட்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எயார்ஃபிக்ஸ் இரண்டும் நன்றாகப் பொருந்தின, இடைவெளி நிரப்பும் புட்டி கொஞ்சந்தான் பிடித்தது. பணமும் யோசனையும் போவது தனியாக வாங்கும் மேலதிகப் பாகங்களில்தான்: செதுக்கிய பித்தளைத் தகடுகள், ரெசின் என்ற வார்ப்புப் பிசினில் செய்த சக்கரங்கள், பெயின்ட் படக்கூடாத இடத்தை மறைக்கும் மாஸ்க், கடைந்த உலோகக் குழாய்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய பிறகு, தகடு ஒன்றை வரவழைக்க முன்னர் ஒரு முழுக் கிட்டுக்குக் கொடுத்த காசு தேவைப்பட்டது. ஆகவே எது தேவை, எது தேவையில்லை என்று இப்போது கறாராகச் சொல்ல முடிகிறது.

முதலில் வாங்க வேண்டியது மாஸ்க். ஹரிகேனின் விமானி மூடியில் சட்டங்கள் நெருக்கமாக ஓடுகின்றன, ஸீரோவில் இன்னும் நெருக்கம். எடுவார்ட் நிறுவனம் வெட்டித் தரும் மஞ்சள் தாள் துண்டுகளை ஒட்டி, பெயின்ட் அடித்து, உரித்தெடுத்த கோடுகள் இன்றும் கத்தியால் கீறியதுபோல நிற்கின்றன. கையால் வெட்டி ஒட்டியிருந்தால் எனக்கு இரண்டு இரவு போயிருக்கும், கோடும் இந்த நேர்த்திக்கு வந்திராது.

விமானி அறைக்கு வாங்கிய பித்தளைத் தகடு நேர்மாறு. கருவிகள் பதித்த முகப்பு, நெம்புகோல், பெடல் எல்லாவற்றையும் இடுக்கியால் மடித்து ஒட்டினேன். மூடியை ஒட்டிய அன்று மருமகன் குனிந்து பார்த்துவிட்டு, “மாமா, உள்ளுக்குள்ள இருக்கிறது ஒண்டுமே தெரியேல்லையே?” என்றான். 1/72இல் இறக்கையின் முழு அகலமே பதினேழு சென்ரிமீற்றர். அதற்குள் இருக்கும் அறை கறுப்புக் குழிதான். மூடியைத் திறந்த நிலையில் வைப்பதென்றால் இருக்கைப் பட்டி மட்டும் போதும்.

துப்பாக்கிக் குழாய்களும் அப்படித்தான். ஹரிகேனின் முதலாம் வகையில் எட்டு பிரௌனிங் துப்பாக்கிகளும் இறக்கைக்குள்ளேயே இருக்கின்றன. தூசி போகாமல் வாய்களைத் துணித்துண்டால் மூடிச் சிவப்புப் பூச்சு பூசுவார்கள், முதல் வேட்டில் அது கிழியும். அந்தச் சிவப்புச் சதுரங்களைத் தூரிகையால் பூசினாலே இறக்கை உயிர் பெற்றுவிடும். அந்தக் கால ஸீரோவின் இறக்கைப் பீரங்கிகளும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. ஆனால் ஸீரோவின் இடது இறக்கையில் நீளும் வேகமானிக் குழாயைப் பித்தளையில் வாங்குங்கள். பிளாஸ்டிக் குழாய் துடைக்கும்போது இரண்டு தடவை முறிந்தது. பித்தளைக் குழாய் ஐந்து வருடமாக அசையவில்லை.

இப்போது காற்று. அதுதான் எனக்குப் பெரிய பாடம் நடத்தியது.

ஹேர்மிஸ் 1/700இல் இருபத்தாறு சென்ரிமீற்றர். ஒரு மீற்றர் உயரக் கைப்பிடி வேலி அதில் ஒன்றரை மில்லிமீற்றர்கூட வராது. பிளாஸ்டிக்கில் அந்த மெலிவு கிடைக்காது, பித்தளைதான் வேண்டும். வலப்பக்க வேலியைத் தகட்டிலிருந்து வெட்டியபடியே ஒட்டி, மேலே சாம்பல் பெயின்ட் அடித்தேன். இடப்பக்கத்துக்கு வந்தபோது அவசரம் இல்லை. விரல் எண்ணெய் போக வினாகிரியில் ஊறவைத்து, கழுவி, காயவைத்து, உலோகத்துக்கான பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்துவிட்டு ஒட்டினேன். இரண்டாம் மாரி முடியும்போது வலப்பக்க வேலியில், கம்பிகள் சேரும் மூலைகளில் பெயின்ட் செதிலாக எழும்பி, கீழே பச்சை கலந்த கறுப்புத் தெரிந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் கோயில் குத்துவிளக்கின் அடியில் பிடிக்கும் களிம்பேதான். இடப்பக்கம் இன்றைக்கும் புதிதாக இருக்கிறது. ஒரே தகடு, ஒரே பெயின்ட்.

மார்கழி மழையில் லாக்கர் பெயின்ட் அடிக்காதீர்கள். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்கிறது, பூச்சு பால் கொட்டியதுபோல வெளுக்கிறது. எனக்குக் கப்பலின் அடிப்பகுதி முழுக்க வெளுத்தது. வெயில் வரும்வரை காத்திருந்து, மெதுவாகக் காயும் தின்னரை மட்டும் மெல்லியதாக அடித்ததும் பழைய நிறம் திரும்பியது. இப்போது பெயின்ட் வேலையைக் கச்சான் காற்று வீசும் மாதங்களுக்கு வைத்திருக்கிறேன். அப்போது தூசி எழும்பும், ஆகவே விடியற்காலையில், ஜன்னலைச் சாத்திவிட்டு.

சுப்பர் குளூ ஈரத்தில் சீக்கிரம் இறுகும், அது நல்லதுதான். ஆனால் அதன் ஆவி ஈரத்தோடு சேர்ந்து கண்ணாடிப் பாகங்களில் வெள்ளைப் பனியாகப் படியும். ஸீரோவின் முதல் மூடி அப்படித்தான் போனது. கண்ணாடிப் பாகங்களுக்கு இப்போது வெள்ளைப் பசை மட்டுமே.

ஒரு குறையும் சொல்லவேண்டும். கடல் கடந்த ஒரு கடையில் வாங்கிய ரெசின் சக்கரங்களில் ஒன்று குமிழியோடு வந்தது. மூன்று முறை எழுதியும் மாற்றித் தரவில்லை. குமிழி தரையில் படும் பக்கம் வரும்படி ஒட்டிவிட்டேன். ரெசின் தேய்ப்பவர்கள் முகக்கவசம் போட்டு, தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

பழைய டெகல் (மொடலில் ஒட்டும் சின்னத் தாள்) மஞ்சளித்திருந்தால் பொலித்தீன் பையில் போட்டு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவையுங்கள். எங்கள் ஊர் உவர்மலை வெயிலுக்கு ஒரு கிழமையில் வெளுத்துவிட்டது.

கடைசியாக, ஹேர்மிஸின் தளம். பெட்டியில் வந்த குட்டி விமானங்களை அதில் ஒட்டவில்லை. அந்தக் கப்பல் இங்கிருந்து புறப்பட்டபோது அதன் 814ஆம் விமானப் படைப்பிரிவு கரையிலேயே நின்றுவிட்டது. தாக்கப்பட்ட நேரத்தில் தளத்திலிருந்து எழும்ப ஒரு விமானமும் இருக்கவில்லை. மருமகன் அந்த இரட்டை இறக்கைக் குட்டிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டான். ஒரு பலகைத் துண்டில் மணல் ஒட்டி, சீனன்குடா ஓடுபாதையோரம் அவை நிற்பதுபோல இப்போது கட்டுகிறான். தென்னை மரத்துக்குப் பித்தளை ஓலை கிடைக்குமா என்று நேற்றுக் கேட்டான். கிடைக்கும், ஆனால் முதலில் வினாகிரியில் ஊறவை என்றேன்.